இரண்டு குளிசையில் ஒன்றை 21 நாளில் ஏன் நிறுத்துகிறார்கள்?

அப்பாவுக்கு லேசான பாரிசவாதம். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துத் தந்துவிட்டு, மூன்று கிழமையில் திருகோணமலை கிளினிக்கில் ஒன்றை நிறுத்தினார்களே, மருந்துத் தட்டுப்பாடா என்று கேட்கிறீர்கள். இல்லை. தெரிந்துதான் நிறுத்துகிறார்கள்.

மூளை இரத்தக்குழாயில் இப்படி லேசான அடைப்பு வந்த பிறகு அடுத்தது வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் உச்சம். அப்போது இரண்டு குளிசையும் சேர்ந்து நல்ல காப்புத் தரும். 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 90 நாள் இரண்டையும் கொடுத்தபோது இரத்தக்கசிவு கூடியது. பயனில் பெரும்பங்கு முதல் 21 நாளுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் மூளைக்குள் இரத்தக்குழாய் சுருங்கியவருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு இரண்டும் நீளலாம்.

மிஞ்சிய ஒன்றை மட்டும் நீங்களாக நிறுத்தவே வேண்டாம். இரத்தம் உறைய ஒன்றோடொன்று ஒட்டும் நுண்ணிய துணுக்குகள்தான் இரத்தத் தட்டுகள். அஸ்பிரின் பட்ட தட்டு சாகும்வரை ஒட்டாது; ஆனால் அதன் ஆயுள் 7 முதல் 10 நாள்தான். ஒரு கிழமை விட்டால் புதுத் தட்டுகள் வந்து நிரம்பிவிடும், காப்பும் போய்விடும். ஒருவேளை தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள், மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம். பல்லுப் பிடுங்கவும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, பல் வைத்தியரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

வீட்டில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: கிளினிக்கில் தாள் உறையில் வந்த குளோபிடோகிரெலும், வெளிப் பார்மசியில் வேறு பெயரில் வாங்கிய அதே மருந்தும் ஒரே நாளில் உள்ளே போகும். அட்டையின் பின்னால், கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் 75 மில்லிகிராம் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும். பன்டோபிரசோல் தரமுடியுமா என்று கேளுங்கள். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபென் வாங்கிக் கொடுக்காதீர்கள், வயிற்றில் இரத்தம் கசியும். மலம் தார்போலக் கறுத்தால் அன்றே ஆஸ்பத்திரி.

மாரிமழையோடு டெங்கு வரும் ஊர் நம்முடையது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, அன்றே காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டுகள் குறைந்தால் அஸ்பிரினைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

திரும்பவும் வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால், மேலதிகமாக அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம். இம்முறை அது மூளையில் இரத்தக்கசிவாகவும் இருக்கலாம், சிடி ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள், கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.