கசப்புக்குப் பயந்து கீரையைப் பிழியலாமா?

கேள்வி: வெந்தயக்கீரையை எப்படிச் சமைத்தாலும் கசக்கிறது. உப்புப் போட்டுப் பிசைந்து, சாற்றைப் பிழிந்துவிட்டுச் சமைக்கலாமா? சர்க்கரை நோய்க்கு இது மருந்தாகுமா?

பதில்: தயவுசெய்து பிழியாதீர்கள்! கசப்போடு சேர்ந்து வைட்டமின் சி போன்ற, நீரில் கரையும் சத்துகளும் போய்விடும். நான் தடித்த தண்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலைகளை முழுதாகவே அலசி, நீரை நன்றாக வடியவிடுவேன். பிறகுதான் நறுக்குவேன். எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் சிவந்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் வதக்க வேண்டும். இலை சுருண்டு, பச்சை வாசனை போய், மணம் எழும்பும். அதன்பிறகே வெந்த பாசிப்பருப்பைச் சேர்ப்பேன். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழிய மறக்காதீர்கள். கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க அது உதவும். இலேசான கசப்பு மிஞ்சத்தான் செய்யும். அதுதான் இந்தக் கீரையின் ருசியே!

நார்ச்சத்து இருப்பதால் மலச்சிக்கலுக்கு நல்லது. சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆய்வுகள் பெரும்பாலும் வெந்தய விதையைப் பற்றியவை, இலையைப் பற்றியவை அல்ல. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், எந்தக் கீரையையும் திடீரென்று அதிகமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கீரைகளிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.