வாசகர் கேள்வி, எங்கள் பதில்: கேட்டவர்க்கெல்லாம் ஒரு சேனல்

கேள்வி: அமெரிக்காவில் பொதுமக்களே நிகழ்ச்சி தயாரித்து டிவியில் ஒளிபரப்பலாம் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கேபிள் நிறுவனங்கள் எப்படிச் சம்மதித்தன?

பதில்: தாமாகச் சம்மதிக்கவில்லை. கேபிள் இழுக்க வேண்டுமானால் தெருவைத் தோண்ட வேண்டும், கம்பத்தில் கட்ட வேண்டும். தெரு ஊருக்குச் சொந்தம். ‘எங்கள் தெருவைப் பயன்படுத்துகிறாய், எங்கள் மக்களுக்கு ஒரு சேனல் கொடு’ என்று உரிமம் தரும்போதே நகரங்கள் கேட்டு வாங்கின. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1971 ஜூலையில் அப்படித்தான் தொடங்கியது. அதே ஆண்டு ஜார்ஜ் ஸ்டோனி, ரெட் பர்ன்ஸ் இருவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் ஆரம்பித்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. தோளில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கருவிகள் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தன.

1972-இல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1979-இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விதியை ரத்து செய்தது. 1984-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது: நகரங்கள் இந்தச் சேனல்களைக் கேட்கலாம், அதில் என்ன வருகிறது என்பதில் கேபிள் நிறுவனம் தலையிடக் கூடாது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான். முதலில் வருபவருக்கு முதல் நேரம், அவ்வளவுதான் விதி.

கேள்வி: அப்படியானால் வெறுப்பைக் கக்குகிறவர்களுக்கும் நேரம் கொடுக்க வேண்டுமே?

பதில்: கொடுக்க வேண்டும். கான்சாஸ் சிட்டியில் அந்தச் சோதனை வந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு தங்கள் நிகழ்ச்சிக்கு இடம் கேட்டது. நகரசபை 1988-இல் அந்தச் சேனலையே மூடியது. க்ளானை ஒரு நாளும் ஆதரிக்காத மனித உரிமை வழக்கறிஞர்கள் அவர்களுக்காக வழக்காடினார்கள். 1989-இல் சேனல் திரும்பி வந்தது. சேனலை மூட வாக்களித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பூட்டு க்ளானை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. அந்த ஊரில் பேச நினைத்த எல்லோரையும் நிறுத்தியது. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் அதே ஒரு கதவுதான் இருந்தது.

இன்னொரு வழக்கும் உண்டு. டீடீ ஹாலக், 1981-இல் ‘பேப்பர் டைகர்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியவர், இந்த மக்கள் சேனல் இயக்கத்தின் மூத்த ஆள். மன்ஹாட்டன் சேனலை நடத்தும் அமைப்பையே விமர்சித்து அந்தச் சேனலில் ஒரு படம் போட்டார். அமைப்பு அவரை விலக்கிவைத்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது தனியார் அமைப்பு, பேச்சுரிமைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்றது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. நகரம் மக்களுக்காக வாங்கிய சேனலைக் கையில் வைத்திருப்பவர், மக்களில் ஒருவரை எப்படி வெளியே போகச் சொல்லலாம்?

கேள்வி: இப்போதுதான் யூடியூப் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்க அது ஆள் தராது. அமெரிக்காவில் இருந்தபோது ஒரு சின்ன ஊரின் மக்கள் சேனல் மையத்தில் இரண்டு வருஷம் தன்னார்வலராக வேலை பார்த்தேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அம்மா ஒருவர், வாடகை உயர்வைப் பற்றி மாதம் ஒரு நேரலை செய்வார். பேச வேண்டியதை அட்டையில் மார்க்கரால் பெரிதாக எழுதி, லென்ஸுக்குக் கீழே நான் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள், வீட்டைக் காலி செய்த பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வந்தவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அட்டையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், பேச்சு வரவில்லை. இயக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் ஹெட்செட்டில், “கட் பண்ணாதீங்க, அவங்க பேசட்டும்” என்றான். காத்திருந்தோம். அப்புறம் அட்டையில் இல்லாததையெல்லாம் பேசினார்.

இந்த மையங்களுக்கு முக்கிய வருமானம் கேபிள் நிறுவனங்கள் நகரத்துக்குக் கட்டும் கட்டணம். வருவாயில் அதிகபட்சம் 5 சதவீதம். வீடுகள் கேபிளைத் துண்டிக்கத் துண்டிக்க அதுவும் சுருங்குகிறது. இணைய வீடியோ நிறுவனங்களும் அதே தெருவின் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. அவர்களிடமும் நகரங்கள் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.