விடுபட்டவர்களின் பெயர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இது இலக்கியம் பற்றிய கேள்வி இல்லை. இருந்தாலும் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

நாங்கள் கல்லூரி முடித்து 25 ஆண்டுகள் ஆனதையொட்டிப் போன வருடம் ஒன்றுகூடினோம். முன்னின்று நடத்தியவர்களில் நானும் ஒருவன். இரண்டு நாளும் பேச்சும் சிரிப்புமாகப் போனது. கிளம்பும்போது பலருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் தொடர்பை விடவே கூடாது என்று வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். முதல் மாதம் முழுக்கப் பழைய படங்கள், ஹாஸ்டல் கதைகள். அப்புறம் மெல்லக் குறைந்து இப்போது காலை வணக்கமும் ஃபார்வர்டும்தான் வருகின்றன. நடுவில் ஓர் அரசியல் சண்டை வந்து நாலைந்து பேர் வெளியேறிவிட்டார்கள். சந்திப்புக்கு வராதவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அப்படி வராத ஒருவர் ஏழு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது போன வாரம் தற்செயலாகத் தெரிய வந்தது.

கல்லூரியிடமிருந்து வருவதெல்லாம் நன்கொடை கேட்கும் மின்னஞ்சல். இப்போது முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? அதைவிட முக்கியமாக, இந்தத் தொடர்பையெல்லாம் வலிந்து பிடித்து வைத்திருக்கத்தான் வேண்டுமா? தானாக உதிர்வதை விட்டுவிடுவதுதான் இயல்போ என்று தோன்றுகிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வகுப்புத் தோழரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். காலை வணக்கங்களையும் ஃபார்வர்டுகளையும் யாரும் பொறுத்துக்கொண்டு போய்விடலாம். உடன் படித்தவர் போனது ஏழு மாதம் தெரியாமல் இருந்தது என்பதுதான் உங்களை உலுக்கியிருக்கிறது, இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

விடாதீர்கள். ஆனால் இப்போது செய்துகொண்டிருப்பதை அப்படியே தொடரவும் வேண்டாம். குழுவை எப்போதும் கலகலப்பாக வைத்திருக்கப் பார்க்கிறீர்கள். அது நடக்காது, நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. நூறு பேர் தினமும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? படித்த காலத்திலேயே எல்லோரும் எல்லோரிடமும் பேசியதில்லையே. நாலு பேர் ஒரு செட், ஆறு பேர் ஒரு செட், எதிலும் ஒட்டாமல் சிலர். அந்த அமைப்பு அப்படியேதான் இருக்கும். இருக்கட்டும். வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்பது வகுப்பில் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தொடர்பு என்று நான் சொல்வது இவ்வளவுதான். அதற்கு ஒரு பட்டியலும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரும் போதும்.

எங்கள் வகுப்பில் அந்த வேலையை ஒரு தோழி செய்கிறார். பட்டியல் போட உட்கார்ந்தபோது எங்கள் கையில் எந்த ஆவணமும் இல்லை. அவர் வருகைப் பதிவு எடுக்கும் வரிசையில் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வரிசை எல்லோருக்கும் எங்கோ பதிந்திருக்கிறது, நம் பெயருக்கு முன்னால் வரும் பெயரையும் பின்னால் வரும் பெயரையும் சாகும்வரை மறக்க மாட்டோம் போலிருக்கிறது. மளமளவென்று வந்த பெயர்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. “இவனுக்கு அடுத்து ஒருத்தன் உண்டு. கடைசி பெஞ்சிலேர்ந்து மெதுவா ஒரு குரல் வரும். யார் அது?” என்று கேட்டார். எனக்கும் அந்தக் குரல் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. வேறு இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பெயர் கிடைத்தது. இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை நிறுத்திவிட்டுப் போனவர். பட்டம் பெற்றவர்களின் பதிவேட்டில் அவர் இருக்க வழியே இல்லை. எங்கள் பட்டியலில் இருக்கிறார்.

அது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. படிக்கும்போது இருந்த பெயர், இப்போதைய பெயர் (திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவர்களைத் தேடுவதுதான் பெரும்பாடு), தொலைபேசி எண், வீட்டில் இன்னொருவரின் எண், கடைசியாக அவருடன் பேசியவர் யார், எந்த மாதம். இதில் வீட்டாரின் எண் எதற்கு என்று முதலில் பலர் கேட்டார்கள். ஒருவர் இறந்த பிறகு அவருடைய கைப்பேசியை யாரும் எடுப்பதில்லை, சில நாளில் அந்த எண்ணே இல்லாமல் போய்விடும். உங்கள் தோழர் விஷயத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கடைசியாகப் பேசியவர் யார் என்ற கட்டம் காலியாகவே இருந்தால், அந்தத் தோழி அந்த ஆளோடு அன்றைக்குக் கொஞ்சமாவது பழகியவர் யாரென்று யோசித்து, “ஒரு போன் போடேன்” என்று சொல்வார். தானே எல்லோரையும் கூப்பிடுவதில்லை. அறை நண்பன் கூப்பிடுவதற்கும், அதிகம் பழகாத அமைப்பாளர் கூப்பிடுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம்.

இந்தப் பட்டியலைச் செயலியை நம்பி விடாதீர்கள். 2004இல் வந்த ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் எத்தனையோ கல்லூரி வகுப்புகள் மறுபடி ஒன்று சேர்ந்தன. 2014 செப்டம்பரில் அதை மூடிவிட்டார்கள். யாஹூ குழுமங்களில் அஞ்சல் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கும் 2020இல் அதே கதைதான். மூடும் அறிவிப்பு வந்தபோது எண்களையும் முகவரிகளையும் தனியாக எடுத்து வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், மற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து தேடினார்கள். காகிதத்தில் ஒரு பிரதி, கணினியில் ஒரு பிரதி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். அப்புறம் ஒன்று: பட்டியலை அப்படியே குழுவில் போட்டுவிடாதீர்கள். தன் எண் எல்லோரிடமும் போகக் கூடாது என்று நினைக்க ஒருவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கேட்டு, சம்மதம் வாங்கி, கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள்.

சரி, சந்திப்புக்கு வராத பாதிப் பேருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலை போயிருக்கலாம். கடன் இருக்கலாம். மணமுறிவு, நோய், பிள்ளையைப் பற்றிய கவலை, எதுவும் இருக்கலாம். ஒன்றுகூடலில் முதலில் கேட்கப்படும் கேள்வி “இப்ப என்ன பண்ற?” என்பதுதான். அதற்குச் சொல்ல நல்ல பதில் இல்லாதவருக்கு அந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டுவது பெரிய காரியம். பரீட்சையில் தேறாமல் போனவர்கள் தங்களை அந்த வகுப்பைச் சேர்ந்தவர்களாகவே நினைப்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் குழுவில் அறிவித்து, கட்டியவர்களின் பெயரை வரிசையாகப் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கட்ட முடியாதவர் வேலை இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவார். மொத்தச் செலவைச் சொல்லுங்கள், கணக்கு வைத்திருப்பவருக்கு அவரவர் முடிந்ததை அனுப்பட்டும், யார் எவ்வளவு என்பது அவரைத் தாண்டிப் போக வேண்டாம். கணக்கில் மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் போதும்.

அவர்களைக் கூப்பிடும்போது ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். உதவி கேட்கும் தோரணையும் வேண்டாம், உதவுகிறேன் என்ற தோரணையும் வேண்டாம். நினைவில் இருக்கும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள். “லேப் ரெக்கார்டில் எனக்கு எல்லாப் படமும் நீதான் வரைஞ்சு கொடுத்தே” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர் கொஞ்ச நேரத்துக்காவது அந்தப் படங்களை வரைந்த ஆளாக ஆகிவிடுவார். மற்றது தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் எண் அவரிடம் இருக்கும்.

இவ்வளவு காலம் கழித்துக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. லாரா ஆக்னின், ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற இரு உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போன பழைய நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்தார்கள். எண்ணோ முகவரியோ கையில் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, எழுத நேரமும் கொடுக்கப்பட்டது. அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னொரு பக்கம், பெக்கி லியூவும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு, நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே அந்த மனிதர்கள் மகிழ்கிறார்கள் என்று காட்டியது. எதிர்பாராத நேரத்தில் வரும் விசாரிப்பென்றால் மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது. ஆக, இரண்டு பக்கமும் ஆசையோடு காத்திருக்கிறார்கள், யாரும் முதல் அடி வைப்பதில்லை. பட்டியலை வைத்திருப்பவரின் வேலை அந்த முதல் அடியை யாரையாவது வைக்கச் செய்வதுதான்.

உங்கள் தோழரின் வீட்டாரைக் கண்டுபிடித்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கண்டுபிடியுங்கள். ஏழு மாதம் ஆகிவிட்டதே, இனிமேல் போய் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். அவருடைய பிள்ளைகளுக்குத் தங்கள் அப்பாவை 19 வயதில் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவருடைய அறைத் தோழர்கள், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், உடன் விளையாடியவர்கள் ஆளுக்கு அரைப் பக்கம் எழுதட்டும். அழகாக எழுத வேண்டியதில்லை. அவரிடம் இருந்து கடன் வாங்கிய சட்டை, தேர்வுக்கு முந்தின இரவு அவர் சொல்லிக்கொடுத்த பாடம், அவர் பாடிய பாட்டு. பழைய படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். வெறும் இரங்கல் செய்தியைவிட இது அந்த வீட்டில் நெடுநாள் இருக்கும்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்மின் மட்டும் எழுதக்கூடியதாக ஒரு குழுவை வைத்து, பிறப்பு, இறப்பு, கல்யாணம், உடல்நலம், சந்திப்புத் தேதி ஆகியவற்றை மட்டும் அதில் போடுங்கள். அரட்டைக்கு வேறு குழு இருக்கட்டும், விருப்பமுள்ளவர்கள் அங்கே சேரட்டும். சண்டையில் வெளியேறியவர்களைத் தனித்தனியாக அழைத்து முதல் குழுவில் மட்டும் சேர்த்துவிடுங்கள். அவர்கள் கோபித்தது ஃபார்வர்டுகளின் மேல்தான்.

அடுத்து கல்லூரி. நன்கொடை மட்டும் கேட்கிறார்கள் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. இதில் வரலாறு சொல்வது ஒன்று உண்டு. அமெரிக்காவின் யேல் கல்லூரி, பழைய மாணவர்களை வகுப்புவாரியாகத் திரட்டித் தொடர்பில் வைத்திருக்கும் முறையை 1792இலேயே தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் அவர்களிடம் நிதி திரட்டும் அமைப்பு அங்கே வந்தது 1890இல். நடுவில் ஏறக்குறைய நூறு ஆண்டு. இன்று பல கல்லூரிகள் முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவதில் கால் வைக்கப் பார்க்கின்றன.

இன்னொரு கதை, அதே அமெரிக்காவில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியுடையது. 1821இல் அதன் தலைவரே, இந்த ஒதுக்குப்புற இடத்தில் கல்லூரி நிலைக்காது என்று நம்பிக்கை இழந்து, மாணவர்களில் ஒரு பகுதியினரோடு கிளம்பிப் போய் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் முதல் தலைவரானார். வில்லியம்ஸ் மூடப்படும் என்ற நிலை. அப்போது அங்கே படித்தவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். உலகில் இன்றுவரை இடைவிடாமல் இயங்கும் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம் அதுதான் என்கிறார்கள். கல்லூரியும் இருக்கிறது. நம்மால் இது நிற்கும் என்று அவர்களுக்குத் தோன்றியது, அதனால் வந்தார்கள். உங்கள் கல்லூரி அப்படி ஒரு தேவையோடு உங்களை எப்போதாவது கூப்பிட்டிருக்கிறதா?

கூப்பிடவில்லையென்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் இருபது பேர், ஆளுக்கு ஒரு மாணவருடன் மாதம் அரை மணி நேரம் பேசத் தயார் என்று எழுதிக் கொடுங்கள். மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தள்ளி இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டு வருவார். சொல்லித்தர ஆளில்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணவிக்கு, அப்படித் தள்ளி இருக்கும் ஒருவரின் எண் கிடைப்பது சின்ன விஷயமில்லை. உங்கள் சந்தாவை விடப் பெரியது இது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் லேப் உதவியாளரையும் ஹாஸ்டல் ஊழியர்களையும் உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு யாருடைய பட்டியலிலும் இடமில்லை.

சந்தா கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடிந்தால் கட்டுங்கள். அதற்கு முன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். முகவரி மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும், எங்கள் விவரங்களை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா, படிப்பை முடிக்காமல் போனவர்கள் உறுப்பினராக முடியுமா. முதல் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வந்தால் நல்ல அறிகுறி. மூன்றாவதற்கு முடியாது என்று பதில் வந்தால், விதியை மாற்றச் சொல்லி வகுப்பின் சார்பில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். சிறிது காலம் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் பல உண்டு, அதனால் இது அவர்களால் செய்ய முடியாத காரியம் இல்லை.

அன்புடன்.