பழைய சோறு மரபணுவை மாற்றுமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். வயது 36. அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. பியூட்ரேட் மாத்திரை குடல் செல்களின் மரபணுவையே மாற்றிவிடும் என்கிறார் நண்பர். பழைய சோறும் நெய்யும் போதும் என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, சோற்றுப் பாதி.

மரபணு மாறுவதில்லை, அது வேலை செய்வதும் உறங்குவதும்தான் மாறுகின்றன. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் நூற்கண்டு போலச் சுற்றிக் கிடக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டினால் சுற்று தளரும். அங்குள்ள மரபணு வேலை செய்யத் தொடங்கும். அதைக் கழற்றிச் சுற்றை மறுபடி இறுக்கவென்றே சில நொதிகள் உண்டு. பியூட்ரேட் என்பது குடல் பாக்டீரியாக்கள் தயாரிக்கும் ஒரு சிறு கொழுப்பு அமிலம்; அது அந்த நொதிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. 1970-களிலேயே தெரிந்துவிட்ட விஷயம் இது. அப்போது விழித்துக்கொள்ளும் மரபணுக்களில் ஒன்று பி21. செல் பிரிவதற்குத் தடை போடுவது அதன் வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல நிலையில் உள்ள பெருங்குடல் செல்லுக்கு பியூட்ரேட்தான் சாப்பாடு. தன் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை அதை எரித்தே பெறுகிறது. புற்றுநோய் செல்லோ சர்க்கரைக்கு அலைகிறது. எரியாமல் மிஞ்சும் பியூட்ரேட் உட்கருவில் சேர்ந்து, அந்தச் செல்லின் பெருக்கத்தையே மட்டுப்படுத்துகிறது. ஆய்வகத் தட்டில் இது அழகாக நடக்கிறது. மனிதர்களிடம் அப்படியில்லை: பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தினமும் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்து கொடுத்துப் பார்த்த 'காப்2' ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை.

நெய்யில் பியூட்ரிக் அமிலம், அதாவது பியூட்ரேட்டின் அமில வடிவம், இருப்பது உண்மை. ஆனால் அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். சாதாரண மாத்திரைக்கும் பெரும்பாலும் அதே கதிதான். வடித்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து, தேவைப்படும் இடத்திலேயே பியூட்ரேட் தயாரிக்கின்றன. ஆனால் சோற்றிலிருந்து மட்டும் கிடைக்கும் அளவு சொற்பம். வாழைத்தண்டுப் பொரியல், கேழ்வரகு, கொண்டைக்கடலை எல்லாம் சேரட்டும். மெரினாவில் வாங்கும் சுண்டலையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் மெல்லக் கூட்டுங்கள்.

ஆனால் உங்களுக்கு முக்கியமானது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை. பெற்றோருக்கு இந்த நோய் இருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்னதாக, இரண்டில் எது முந்தியோ அப்போது செய்துகொள்ள வேண்டும். உங்கள் கணக்கில் அது 38. மாத்திரைக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் அந்த இரண்டு ஆண்டுகள்கூடக் காத்திருக்க வேண்டாம்.