ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்கிறதா? செக் டிஸ்க் வேண்டாம், முதலில் நகல்

கேள்வி: "என் லேப்டாப்பில் 1 டிபி ஹார்டு டிஸ்க். இரண்டு வாரமாக டி டிரைவில் சில ஃபோல்டர் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. நேற்று காப்பி செய்தபோது பாதியில் எர்ரர் காட்டி நின்றுவிட்டது. எப்போதாவது டிக்கென்று ஒரு சத்தமும் வருகிறது. குழந்தைகள் பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான். செக் டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். முதலில் லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். மீதியைப் போனில் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் நேரம் முழுவதும் உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவே போக வேண்டும். செக் டிஸ்க் அதைச் செய்வதில்லை. ஃபைல்களின் பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவதுதான் அதன் வேலை. 'ஆர்' சேர்த்து ஓட்டினால் டிஸ்க்கின் குட்டிக் குட்டிப் பகுதிகளான செக்டார்களில் ஒன்றுகூட விடாமல் படிக்கப் பார்க்கும், படிக்க வராத இடத்தில் முட்டி முட்டி நிற்கும். பதிவேட்டில் பொருந்தாத வரியைக் கண்டால் வெட்டிவிடும். வெட்டியது உங்கள் போட்டோ ஃபோல்டரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பல வருடம் முன்பு ஒரு நண்பரின் டிஸ்க்கில் செக் டிஸ்க் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவன் நான். காலையில் பார்த்தால் அவருடைய ஃபோல்டர்கள் பலவற்றைக் காணோம். 'ஃபவுண்ட்.000' என்று ஒன்று முளைத்திருந்தது, உள்ளே பெயர் தொலைந்த ஃபைல்கள் ஆயிரக்கணக்கில். அவர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஃபார்மட் இன்னும் மோசம். க்விக் ஃபார்மட் என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் செய்தால், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதுகிறது. அதன்பின் எந்த சாஃப்ட்வேர் வந்தும் பயனில்லை. 'ஃபார்மட் செய்தால்தான் டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸே கேட்டாலும் கேன்சல்தான்.

சரி, அந்தச் சத்தம். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அவற்றின் மேல் படிக்கும் முனையான ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசி அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. எப்போதாவது ஒரு டிக், ஹெட் ஓரமாகப் போய் ஒதுங்கும் சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் கடிகாரம் மாதிரி சீராக டிக், டிக், டிக் என்று அடித்து, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் திரையில்கூட டிஸ்க் தெரியவில்லை என்றால் ஹெட் படிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். அந்த நிலையில் கீழே சொல்லும் எதையும் செய்யாதீர்கள், நேராக ரெக்கவரி லேபுக்குப் போங்கள். உங்கள் டிஸ்க்கில் ஃபோல்டர்கள் தாமதமாகவாவது திறக்கின்றன. அதனால் வீட்டிலேயே முயன்று பார்க்க இடமிருக்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்க்க ஆசையிருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் 05, சி5, சி6 மூன்றையும் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே கைவிடப்பட்டு மாற்றிடம் பெற்ற செக்டார்கள், சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. இவை ஏறிக்கொண்டே போனால், மேலே 'குட்' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் பிரச்சினை, மாற்றிப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் இதற்காக ஒரு முறை விண்டோஸைத் திறப்பதுகூட வீண் என்பது என் கருத்து.

போட்டோ ஃபோல்டரை மட்டும் எக்ஸ்ப்ளோரரில் காப்பி செய்தால் என்ன என்று தோன்றும். டிஸ்க் நன்றாக ஓடும்போது அதுதான் சரி. இப்போது வேண்டாம். ஃபோல்டரைத் திறந்தவுடன் குட்டிப் படங்கள் காட்டுவதற்காக விண்டோஸ் ஒவ்வொரு போட்டோவையும் தேடிப் போகும், ஹெட் அங்கும் இங்கும் ஓடும். ஒரு மோசமான செக்டாரில் மாட்டினால் எல்லாம் நின்றுவிடும். டிஸ்க் முழுவதையும் வரிசையாக ஒரே இமேஜ் ஃபைலாக எடுப்பதுதான் நல்லது.

அதற்கு மூன்று ஏற்பாடு. முதலாவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர். இப்போதைய விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் உங்களைக் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கும். 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு கருவியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து எழுதிக்கொள்ளுங்கள். கீ இல்லாவிட்டால் இமேஜை முழுசாக எடுத்தும் படிக்க முடியாது. இரண்டாவது, வேறொரு எக்ஸ்டர்னல் டிஸ்க். 2 டிபி இருக்கட்டும், இமேஜுக்கே ஒரு டிபி போய்விடும். அது ஃபேட் 32 ஆக இருக்கக் கூடாது, 4 ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைலை அது ஏற்காது. மூன்றாவது, இன்னொரு கம்ப்யூட்டரில் தயார் செய்த சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவ். இது லினக்ஸ், நமக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் உள்ளேயே வரும். இதை பூட் செய்ய, அங்கீகாரமில்லாத சிஸ்டங்களைத் தொடங்க விடாத செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். அப்படி அணைத்தபின் விண்டோஸுக்குத் திரும்பினால் பிட்லாக்கர் கீ கேட்கலாம், அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

டிஸ்க்கை லேப்டாப்பிலிருந்து கழற்ற வேண்டாம். உள்ளே நேரடி இணைப்பில் இருப்பதுதான் நல்லது. யுஎஸ்பி அடாப்டர்கள் மோசமான செக்டார் வந்தால் திடீரென்று தொடர்பை விட்டுவிடும்.

இனி இமேஜ் எடுக்கும் கருவியான குனூ டிடிரெஸ்க்யூ. கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அப்புறம் இமேஜ் ஃபைல், மூன்றாவதாக மேப் ஃபைல். இமேஜும் மேப்பும் புதிய டிஸ்க்கில் இருக்க வேண்டும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களான எஸ்டிஏ, எஸ்டிபி இரண்டில் எது எந்த டிஸ்க் என்பதை அளவையும் மாடல் எண்ணையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். இங்கே இடம் மாறினால் மீட்க வந்தவர்தான் அழித்தவர். மேப் ஃபைலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அதில் பதிவாகும். பாதியில் நிறுத்தினாலும், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் 'ஹைபன் என்' சேருங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகும். இரண்டாம் ஓட்டத்தில் அதை எடுத்துவிட்டு 'ஹைபன் டி', 'ஹைபன் ஆர்3'. விட்ட இடங்களை மூன்று முறை முட்டிப் பார்க்கும்.

திரையில் மீட்ட சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். 40 வரை மளமளவென்று போகும், திடீரென்று வேகம் பூஜ்யத்துக்கு இறங்கும், 'கடைசியாகப் படித்து இத்தனை நேரம் ஆயிற்று' என்ற எண் ஏறிக்கொண்டே இருக்கும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பறக்கும். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் ஒரு டிபிக்கு மூன்று மணி நேரம் போதும். அதே டிஸ்க் 1 எம்பிக்கு இறங்கினால் பதினோரு நாளுக்கு மேல். இடையில் சீரான டிக் டிக் தொடங்கினால் உடனே கண்ட்ரோல் சி அழுத்தி அணைத்துவிடுங்கள்.

இமேஜ் வந்துவிட்டால் பழைய டிஸ்க்குக்கு ஓய்வு. இமேஜை எதுவும் எழுதாத ரீட் ஒன்லி முறையில் மவுண்ட் செய்து, அதாவது ஒரு டிரைவ் போலத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஃபோல்டர்கள் பெயரோடு அப்படியே இருக்கும். பார்ட்டிஷனே தெரியாவிட்டால் அதைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க். அதுவும் கைவிட்டால் ஃபோட்டோரெக். இது பதிவேட்டைப் பார்க்காமல், ஜேபெக் ஃபைல் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்தே தேடும். பெயர், ஃபோல்டர் எல்லாம் போய்விடும். ஆனால் கேமரா எழுதிய தேதி போட்டோவுக்குள்ளேயே இருப்பதால் வருடவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஃப்ரீசரில் வைத்தால் டிஸ்க் பிழைக்கும் என்ற கதையை நம்பாதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் படியும். அதேபோல் பழைய டிஸ்க்கின் போர்டைக் கழற்றிவிட்டு வேறொரு டிஸ்க்கின் போர்டை மாட்டுவதும் இப்போது நடக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் எழுதியிருக்கும்.

லேபுக்குப் போக நேர்ந்தால் தூசியில்லாத க்ளீன் ரூம் இருக்கிறதா, பணம் கட்டுமுன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். 'திறந்து பார்த்துச் சொல்றேன்' என்று மேசையிலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

மீட்ட போட்டோக்களைக் குட்டிப் படமாகப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்தை முழு அளவில் திறந்து பாருங்கள். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருந்தால் அங்கே செக்டார் வரவில்லை. மேப் ஃபைல் இருக்கிறதே, மூன்றாம் ஓட்டம் விட்டுப் பார்க்கலாம். அதுவரை பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். அப்படியும் வராத படங்களை எப்போதாவது உறவினர்களுக்கு அனுப்பியிருப்பீர்கள், அவர்கள் போனிலும் தேடச் சொல்லுங்கள்.