சேலத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்த பவர் ஹேமர் (இரும்பை அடிக்கும் மோட்டார் சம்மட்டி) என்ன வகை, எப்படிச் சரிசெய்வது?

மேலே லாரிப் பட்டை போல லீஃப் ஸ்பிரிங் இருந்தால் ஸ்பிரிங் ஹேமர். இரட்டை சிலிண்டர் என்றால் காற்றில் ஓடும் நியூமேட்டிக். உடம்பில் வார்த்திருக்கும் எண் பெரும்பாலும் சம்மட்டித் தலையின் எடைதான், மொத்த எடை அல்ல.

மோட்டாரை மாட்டும் முன் விரிசல் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசி, துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பில் சாதாரண ராடு வைத்து வெல்டிங் செய்தால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். சூடேற்றி நிக்கல் ராடு போடுங்கள், பிறகு சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிடுங்கள்.

அடி சோப்ளாங்கியாக விழுந்தால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பிரிங் ஹேமரில் கிராங்க் (சம்மட்டியை மேலும் கீழும் ஆட்டும் சுழல் கை) கீழே நிற்கும்போது, இரும்பை அடிக்கும் மேல், கீழ் அச்சுகளான இரண்டு டைகளுக்கும் நடுவே, அடிக்கப்போகும் இரும்பின் தடிமன் அளவு இடைவெளி வேண்டும். டையை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு தளர்ந்திருந்தாலும் அடி வீண்தான்.