24 மணி நேரம் கப்பலில் போய்ப் பார்க்கும் அளவுக்கு ஒகசவாராத் தீவுகளில் என்ன இருக்கிறது?

நீங்களும் ஜப்பானில் வேலையில் இருப்பவர், லீவு குறைவு என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். "அந்தக் காசுக்கு மாலத்தீவு போயிருக்கலாமே" என்று என்னை வீட்டிலேயே கேட்டார்கள். அதனால்தான் எழுதத் தோன்றியது.

டோக்கியோவுக்குத் தெற்கே 1,000 கிலோமீட்டர். நிர்வாகத்தில் அதுவும் டோக்கியோதான். விமான நிலையம் கிடையாது, கப்பல் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. போய்வர 6 நாள். (இந்த 6 நாளுக்காக எங்கள் மேலாளர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டப்படி எனக்கு உரிய லீவைக் கெஞ்சி வாங்க வேண்டியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.)

கப்பல் போய்ச் சேரும் சிச்சிஜிமா தீவில் இறங்கி, இன்னும் 2 மணி நேரம் கடலில் போனால் ஹாஹாஜிமா தீவு. அங்கே காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் ஷூ அடியைத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன். ஒரு அம்மா என் சாக்ஸில் ஒட்டியிருந்த விதைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் இந்தச் சோதனையோ என்று முகம் சுருங்கிவிட்டது. திரும்பினால், பின்னால் நின்ற உள்ளூர்ப் பெரியவரும் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

காரணத்தை அப்புறம் வழிகாட்டி சொன்னார். இந்தத் தீவுகள் ஒருநாளும் கண்டத்தோடு சேர்ந்திருந்ததில்லை. சுமார் 100 வகை நத்தைகள், பத்துக்கு ஒன்பது உலகில் வேறெங்கும் இல்லை. 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கு அவையும் முக்கியக் காரணம். சிச்சிஜிமாவில் மண்ணோடு வந்து சேர்ந்த ஒரு தட்டைப்புழு அந்த நத்தைகளை ஏறக்குறைய தின்றே தீர்த்துவிட்டது. அது ஹாஹாஜிமாவுக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஷூ தேய்ப்பு. இலையைத் திருப்பி, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு நத்தையைக் காட்டினார். எனக்குப் பேச்சே வரவில்லை.

நத்தைக்காக 1,000 கிலோமீட்டரா என்று சிலர் கேட்பார்கள். ஒரு தடவை போனவன் நிபுணன் இல்லை, தெரியும். ஆனால் அபூர்வப் புறாக்களைப் பிடித்த காட்டுப் பூனைகளைக்கூடக் கொல்லாமல், டோக்கியோவுக்குக் கப்பலேற்றி, கால்நடை மருத்துவர்கள் பழக்கித் தத்துக்கொடுக்கும் ஊர் அது. அந்த அக்கறையைப் பார்ப்பதற்கே போகலாம்.

கப்பல் கிளம்பும்போது படகுகள் கூடவே ஓடி வரும். "இத்தெராஷ்ஷாய்" என்று கத்துவார்கள். நம் "போயிட்டு வாங்க"தான்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் கூனல் திமிங்கிலமும் தெரியும். வாந்தி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவை வீட்டிலேயே கழுவி, சாக்ஸையும் உதறிவிட்டுக் கிளம்புங்கள்.